பெரியவர்களுக்கு வரும் சிறுசுவாசக்குழாய் அழற்சி: எது எந்த வகை?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'பிரொங்கியோலைட்டிஸ்' என்று இருக்கும். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் குழந்தை வருத்தம் என்று வரும், இன்னொரு பக்கம் நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை என்று வரும். வீட்டில் ஒருவருக்கும் அன்றிரவு நித்திரை இல்லை. டொக்டரைப் பார்க்கப் போகுமுன் விஷயம் ஓரளவு பிடிபட்டிருந்தால் அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

பிரொங்கியோலைட்டிஸ் சின்னப்பிள்ளைகளுக்கு வருவதல்லவா? எனக்கு 52 வயது.

பிள்ளைகளுக்கு அது இரண்டு வயதுக்குள் வருவது, பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால். மூக்கொழுகல், இருமல், இழுப்பு, பால் குடிக்க ஏலாமை என்று தொடங்கி, அநேகமான பிள்ளைகள் ஒன்றிரண்டு கிழமையில் தேறிவிடுவார்கள். அங்கே அது ஒரு நோயின் பெயர்.

பெரியவர்களில் அப்படியில்லை. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களில் அழற்சியோ தழும்போ இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. காரணம் பீடியா, காசநோய்க் கிருமியா, மூட்டுவாதமா, நச்சுப்புகையா என்பதைத் தனியாகத் தேடவேண்டும். வைத்தியம் வகைக்கு வகை முற்றிலும் வேறு: ஒன்று சிகரெட்டை விட்டால் அடங்கும், ஒன்று மாதக்கணக்கில் ஒரு அன்டிபயோட்டிக் போட்டால் அடங்கும், ஒன்று எதைப் போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

சிறுகுழாய் என்பது எவ்வளவு சிறியது? அது பழுதானால் ஏன் முதலிலேயே தெரிவதில்லை?

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கி இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் பிரிந்து, இப்படி ஏறக்குறைய 23 தடவை கிளைத்துக் காற்றுப்பைகளில் முடிகிறது. உள்விட்டம் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த, சுவரில் கசியிழையம் இல்லாத கிளைகளைத்தான் சிறுகுழாய் என்கிறோம். 16ஆவது பிரிவு வரை இவை காற்றைக் கடத்துவதோடு சரி. அதற்கு அடுத்த சில பிரிவுகளின் சுவரில் காற்றுப்பைகளும் ஒட்டியிருப்பதால் வாயுப் பரிமாற்றம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒவ்வொன்றும் சிறிது, ஆனால் எண்ணிக்கை பல்லாயிரம். எல்லாவற்றையும் சேர்த்தால் பாதை மிக அகலமாகிவிடுகிறது. சுகமான ஒருவரின் மொத்தக் காற்றுப்பாதைத் தடையில் இந்தச் சிறுகுழாய்களின் பங்கு 10 முதல் 20 சதவீதம்தான். ஆகவே அவற்றில் கணிசமான பகுதி அடைபட்ட பிறகும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை நோமலாக வரலாம். சுவாச வைத்தியர்கள் இதை 'மௌனப் பகுதி' என்பார்கள். மாடிப்படி ஏறும்போது இளைப்பு, விடாத வறட்டு இருமல், இவற்றை 'வயதாகிவிட்டது' என்று தள்ளிப்போட்டு வருகிறவர்கள் ஏராளம்.

ஒரு டொக்டர் ஒரு பெயர் சொல்கிறார், மற்றவர் வேறு பெயர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவரும் சரிதான். ஒரே வருத்தத்தை மூன்று பேர் மூன்று பக்கமிருந்து பார்த்து வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

முதலாமவர் நோயியல் வைத்தியர், நுரையீரலில் எடுத்த இழையத் துண்டை நுண்ணோக்கியில் பார்ப்பவர். அவருக்கு முக்கியமான கேள்வி ஒன்றே: குழாயின் சுவரிலும் உள்ளேயும் அழற்சிக் கலங்கள் குவிந்திருக்கின்றனவா, அல்லது குழாயைச் சுற்றித் தழும்பு வளர்ந்து அதை நெரித்திருக்கிறதா? முதலாவதைக் கலவகை என்றும் இரண்டாவதைத் தழும்புவகை என்றும் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன். இரண்டாவதற்கு ரிப்போர்ட்டில் 'கன்ஸ்ட்ரிக்டிவ்' அல்லது 'ஒப்லிட்டரேட்டிவ்' பிரொங்கியோலைட்டிஸ் என்று இருக்கும்.

இரண்டாமவர் காரணத்தைப் பார்ப்பவர். தொற்று, புகைத்தல், தொழில்தூசி, மூட்டுவாதம் போன்ற உடல்தழுவிய வருத்தம், மருந்து, உறுப்பு மாற்று, காரணம் தெரியாதது என்று பிரித்துக்கொண்டு போவார்.

மூன்றாமவர் ஸ்கேன் பார்க்கும் கதிரியல் வைத்தியர். அவர் கண்ணில் படுவது மூன்று கோலம்: மொட்டுவிட்ட கிளை போன்ற சிறு முடிச்சுகள், ஓரம் கலங்கிய மங்கலான புள்ளிகள், கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டான நுரையீரல்.

இவற்றை ஒன்றாகக் கோக்க நடந்த முயற்சிகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரியூ, மையர்ஸ், ஸ்வென்சன் மூவரும் 2003இல் வெளியிட்டது. அவர்கள் பிரித்தது வேறு மாதிரி. சிறுகுழாயே முதன்மையாகப் பாதிக்கப்பட்டவை ஒரு பிரிவு. காற்றுப்பைகளைச் சூழ்ந்த இழையத்தைத் தாக்கும் நுரையீரல் இழைய நோயின் பகுதியாகச் சிறுகுழாயும் பாதிக்கப்பட்டவை இரண்டாவது. ஆஸ்துமா, நாட்பட்ட புகைத்தல் நோய், பெரிய குழாய்கள் வீங்கி விரிந்துபோகும் பிரொங்கியெக்டேசிஸ் போன்றவற்றில் அழற்சி கீழே சிறுகுழாய்க்கும் இறங்கியவை மூன்றாவது.

என்னைக் கேட்டால், கிளினிக் மேசையில் முதலில் உதவுவது ஸ்கேன் கோலம். நுரையீரலில் கத்தி வைத்துத் துண்டெடுப்பது எல்லோருக்கும் நடக்கிற காரியமல்ல. ஸ்கேன் கோலத்தைப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் தொழிலையும் பழக்கத்தையும் விசாரித்துக் காரணத்துக்குப் போகலாம். கலவகையா தழும்புவகையா என்பது அப்போது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என் ரிப்போர்ட்டில் 'ட்ரீ இன் பட்' என்று இருக்கிறது. அது என்ன?

மொட்டுவிட்ட கிளை என்று மேலே சொன்னது இதைத்தான். சிறுகுழாய்க்குள் சளியோ சீழோ நிறைந்து, அதன் முனைகள் புடைத்திருந்தால் ஸ்கேனில் அப்படித் தெரியும். சுகமான நுரையீரலில் இந்தக் குழாய்கள் ஸ்கேனில் தெரியவே தெரியாது. தெரிகின்றன என்றாலே உள்ளே ஏதோ நிறைந்திருக்கிறது.

நம்முடைய நாட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் முதலில் விலக்கவேண்டியது காசநோய். ஒரு பக்கத்திலிருக்கும் காசநோய்ப் புண் குழாய்க்குள் உடைந்து கிருமி மற்றப் பகுதிகளுக்குப் பரவும்போது இதே கோலம்தான் வரும். இந்தக் கோலம் புகழ்பெற்றதே காசநோய் ஸ்கேன்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகளால்தான். ஆகவே சளிப் பரிசோதனை செய்யாமல் இதற்கு ஸ்டீரொயிட் தொடங்குவது ஆபத்தான வேலை. காசநோய் இருந்தால் ஸ்டீரொயிட் அதை மூட்டிவிடும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு மெலிதல், இவற்றில் ஏதாவது கூட இருந்தால் நேரே மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். விடியற்காலையில் எழுந்தவுடன், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளிதான் தேவை. பலர் கொடுத்துவிட்டுப் போவது எச்சில். அதில் கிருமி இல்லை என்று வந்தால் அந்த முடிவுக்குப் பெறுமதி இல்லை. காசநோய் என்று உறுதியானால் வழமையான சிகிச்சை ஆறு மாதம்.

காசநோய் இல்லையென்றால் அடுத்து வருபவை: காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள், மைக்கோபிளாஸ்மா, இன்புளுவன்சா போன்ற தொற்றுகள், பிரொங்கியெக்டேசிஸ், உணவோ அமிலமோ நுரையீரலுக்குள் இறங்குதல். வைரஸால் திடீரென வந்த சிறுகுழாய் அழற்சி பெரியவர்களில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

நான் இருபத்தைந்து வருடமாகச் சிகரெட் குடிக்கிறேன். ஸ்கேனில் மங்கலான புள்ளிகள் என்கிறார்கள். புற்றுநோயா?

மேல் நுரையீரலில் ஓரம் தெளிவில்லாத, கண்ணாடியில் ஆவி படிந்தாற்போன்ற சிறு புள்ளிகள் பரவலாக இருந்தால், புகைப்பவரில் முதலில் நினைப்பது 'ரெஸ்பிரேட்டரி பிரொங்கியோலைட்டிஸ்' என்ற வகையை. புகையின் கரியை விழுங்கிய கபில நிறக் கலங்கள் சிறுகுழாய்களில் குவிந்து கிடக்கும். நீண்டகாலம் புகைத்த கிட்டத்தட்ட எல்லோருடைய நுரையீரலிலும் நுண்ணோக்கியில் இதைக் காணலாம். அநேகருக்கு அறிகுறியே இருக்காது. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகப் பிடிபடும்.

சிலரில் இது அத்தோடு நிற்காமல் இருமல், இளைப்பு, ஒட்சிசன் குறைவு என்று நுரையீரல் இழைய நோயாகவே வளர்ந்துவிடும். அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, ஆனால் வைத்தியம் மாறுவதில்லை: சிகரெட், பீடி, சுருட்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். 'குறைத்துவிட்டேன், நாளைக்கு நாலுதான்' என்பது இங்கே எடுபடாது. விட்ட பிறகும் அந்தக் கபிலக் கலங்கள் சில வருடம் அங்கேயே கிடக்கலாம். அதனால் அடுத்த ஸ்கேன் உடனே சுத்தமாகாவிட்டால் மனம் விடவேண்டாம்.

புற்றுநோயா என்ற கேள்விக்கு: பரவலான மங்கல் புள்ளிகள் வழக்கமாகப் புற்றுநோயின் கோலம் அல்ல. ஆனால் 25 வருடம் புகைத்தவருக்குப் புற்றுநோய் அபாயம் தனியாகவே இருக்கிறது. திரும்பப் படமெடுக்கச் சொன்னால் தவறாமல் போங்கள்.

தழும்புவகை என்றால் என்ன? அதுதான் பயங்கரமானது என்கிறார்களே?

பயப்பட நியாயமுள்ள வகை இது ஒன்றுதான். குழாயின் உட்சுவருக்கும் தசைக்கும் இடையில் தழும்பு வளர்ந்து, உள்வழியை மெல்ல மெல்ல நெரித்து, கடைசியில் முழுதாக மூடிவிடும். மூடியது திறப்பதில்லை. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கும்.

நோயியல் வைத்தியர் இதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. நுரையீரலில் ஒவ்வொரு சிறுகுழாயோடும் ஒரு சிறு நாடி சோடியாகப் போகும். துண்டைப் பார்க்கும்போது நாடி மட்டும் தனியாக நிற்க, பக்கத்தில் குழாயைக் காணவில்லையென்றால் அவருக்குச் சந்தேகம் வரும். மீள்சக்தி நார்களைக் காட்டும் விசேட சாயமிட்டுப் பார்த்தால், குழாய் இருந்த இடத்தில் வட்டமான ஒரு தழும்பு மட்டும் கிடக்கும். சாதாரணச் சாயத்தில், அவசரமாகப் பார்த்தால், 'நோமல் நுரையீரல்' என்று ரிப்போர்ட் வந்துவிடக் கூடும். நோய் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. மூச்சுக்குழாய் கமராவால் கிள்ளியெடுக்கும் சின்னத் துண்டில் பாதிக்கப்பட்ட இடம் அகப்படாமலே போகலாம்.

காரணங்கள் பல. நுரையீரல் மாற்றுச் செய்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது வருகிறது. இன்னொருவரின் எலும்பு மச்சையை ஏற்றுக்கொண்டவர்களிலும், புதிய கலங்கள் உடலைத் தாக்குவதன் பகுதியாக வரும். மூட்டுவாதத்தில், குறிப்பாகப் பெண்களில், வருவதும் உண்டு. பழைய மூட்டுவாத மருந்தான பெனிசிலமைனோடும் இது தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. சிறுவயதில் வந்த கடும் அடினோவைரஸ் தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம்.

நச்சுவாயு தனிக்கதை. நைதரசனீரொட்சைட்டு வாயுவை மூச்சில் இழுத்தவருக்கு அன்றைக்கு மூச்சுமுட்டும், ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வீட்டுக்குப் போவார். இரண்டு முதல் ஆறு கிழமை கழித்து இளைப்பு மெல்லத் திரும்ப வரும். முதல் சம்பவத்தை அப்போது அவர் மறந்தே போயிருப்பார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் சோளப்பொரி செய்த ஒரு தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர் எட்டுப் பேருக்கு இந்த வருத்தம் இருப்பது 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டையசற்றைல் என்ற பொருளின் ஆவிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நம் வீட்டுக்குப் பொருந்துகிற எச்சரிக்கை ஒன்று: கழிவறை கழுவும் அசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டையும் கிணற்றையும் சுத்தம் செய்யும் நாட்களில், 'இரண்டையும் போட்டால் நல்லாப் போகும்' என்று யாராவது சொல்வார்கள். செய்ய வேண்டாம்.

கீரை சாப்பிட்டும் இந்த வருத்தம் வரும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, ஆனால் முழுக்கதையையும் கேட்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் தாய்வானில், உடம்பு மெலிய என்று சவுரோபஸ் அன்ட்ரோஜைனஸ் என்ற கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து கிழமைக்கணக்கில் குடித்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் இளம் பெண்கள், தழும்புவகை சிறுகுழாய் நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நிறுத்திய பிறகும் பலருக்கு மூச்சு திரும்பவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்றே செய்யவேண்டி வந்தது.

நம் பக்கத்திலும் சிலர் 'விட்டமின் கீரை' என்று வேலியோரம் வளர்ப்பது இதுதான். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதை அவித்து, சுண்டி, தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். பிரச்சினை வந்தது பச்சைச் சாற்றை அதிக அளவில், நாள்தோறும், மெலிவதற்கு மருந்தாகக் குடித்தவர்களுக்கு. கறியாக்கிச் சாப்பிட்டதற்காக யாரும் பதறவேண்டியதில்லை. முகப்புத்தகத்தில் வரும் 'பச்சைச் சாறு' வைத்தியத்துக்கு மட்டும் இந்தக் கீரையைக் கொடுக்காதீர்கள்.

பழைய கிளினிக் கொப்பியில் 'பூப்' என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. இதில் குழம்பாதவர்களே குறைவு. 'பூப்' என்ற சுருக்கப் பெயர் 1985இல் வந்தது, அதன் முழுப்பெயரில் 'பிரொங்கியோலைட்டிஸ் ஒப்லிட்டரன்ஸ்' என்பதும் இருந்தது. அதனால் தழும்புவகையோடு அதைப் போட்டுக் குழப்பினார்கள். உண்மையில் அது காற்றுப்பைகளுக்குள், புண் ஆறும்போது வளர்வது போன்ற இழையம் நிறையும் ஒருவகை நிமோனியா. 2002இல் அமெரிக்க, ஐரோப்பியச் சுவாச வைத்தியச் சங்கங்கள் சேர்ந்து பழைய பெயரைக் கைவிட்டு 'ஓர்கனைசிங் நிமோனியா' என்று வைத்தன. நடைமுறை வித்தியாசம் பெரிது: பூப் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டுக்கு நன்றாகக் கேட்கும், தழும்புவகை கேட்காது. கொப்பியில் எது இருக்கிறது என்று கட்டாயம் காட்டுங்கள்.

எனக்கு மூட்டுவாதம். மூட்டு டொக்டர் ஏன் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்?

மூட்டுவாதமும், கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் வருத்தமும் சிறுகுழாய்களை இரண்டு விதமாகத் தாக்கும். ஒன்று மேலே சொன்ன தழும்புவகை. மற்றது 'ஃபொலிக்குலர் பிரொங்கியோலைட்டிஸ்': குழாய்ச் சுவரில் நிணநீர்க் கலங்கள் சிறு உருண்டைகளாகச் சேர்வது. இது கலவகையைச் சேர்ந்தது, மூட்டு வருத்தத்துக்கான வைத்தியத்தோடு பெரும்பாலும் கட்டுப்படும். பிறவியிலோ எச்.ஐ.வி.யாலோ எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும் வரலாம். மூட்டுநோவால் அதிகம் நடக்காதவர்களுக்கு இளைப்புத் தெரியாது என்பதால் ஸ்கேன் கேட்டிருப்பார்.

ஜப்பான்காரருக்கு மட்டும் வரும் வகை ஒன்று இருக்கிறதாமே?

'டிஃபியூஸ் பான்பிரொங்கியோலைட்டிஸ்'. 1960களில் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. அங்கும் கொரியாவிலும் சீனாவிலும் அதிகம், பரம்பரைக் காரணமும் உண்டு. மற்ற இனத்தவர்களிலும் அபூர்வமாகக் கண்டிருக்கிறார்கள். நாட்பட்ட சைனஸ் வருத்தம், கோப்பை கோப்பையாகச் சளி, ஸ்கேனில் இருபுறமும் மொட்டுவிட்ட கிளைக் கோலம் மூன்றும் ஒன்றாக வந்து, காசநோயும் இல்லையென்றால் இதை நினைக்க வேண்டும்.

இதை இங்கே சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. 1970களில் இந்த வருத்தம் கண்டவர்களில் ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 63 சதவீதம். 1980களில் எரித்திரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் மாத்திரையைக் குறைந்த அளவில், நாளுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மாதக்கணக்கில் கொடுக்கத் தொடங்கிய பின் அது 90ஐத் தாண்டியது. அந்த மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் கிருமி சளியில் இருந்தவர்களும் தேறினார்கள். அப்போதுதான் மருந்து கிருமியைக் கொன்று வேலை செய்யவில்லை, அழற்சியை அடக்கித்தான் வேலை செய்கிறது என்று விளங்கியது. இன்று அதே குடும்பத்து அசித்திரோமைசினை இன்னும் பல நெஞ்சு வருத்தங்களுக்கு நீண்டகாலம் கொடுப்பதற்கு அடிப்படை இங்கிருந்து வந்ததுதான்.

வேளாண்மை வெட்டு, அரிசி ஆலை, உமி, புறா: இவற்றால் வருமா?

வரலாம். அம்பாறையிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இதை விசாரிக்காமல் சிறுகுழாய் நோயைப் பிரிக்கவே முடியாது. ஆனால் 'தூசி' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன தூசி என்று பார்க்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த வைக்கோல், நனைந்து அடுக்கிய நெல், புறாவின் எச்சமும் இறகும், இவை ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வேலை முடிந்து நாலு முதல் எட்டு மணித்தியாலத்தில் காய்ச்சல், உடம்பு நோவு, இருமல், நெஞ்சிறுக்கம் வரும். மறுநாள் போய்விடும், திரும்ப வேலைக்குப் போனால் திரும்ப வரும். 'மெஷினுக்குப் பின்னால் நின்று மூட்டை கட்டுகிற நாளெல்லாம் இரவில் காய்ச்சல்' என்று ஒருவர் சொன்னால் அது டெங்குவாக இருக்கத் தேவையில்லை. ஸ்கேனில் மங்கலான புள்ளிகளும் திட்டுத்திட்டான கோலமும் கலந்து தெரியும். புகைப்பவரின் புள்ளிகளைப் போலவே இவையும் இருக்கும் என்பதால், ஆள் புகைப்பவரா இல்லையா என்ற கேள்வி இங்கே பெரிதாக உதவும். அந்தத் தூசியை விட்டு விலகினால் தொடக்க நிலையில் முழுதாகவே ஆறலாம். வருடக்கணக்கில் தொடர்ந்தால் தழும்பு விழும்.

உமிச்சாம்பல் வேறு விஷயம். அதில் பெரும்பகுதி சிலிக்கா. கல்லுடைக்கும் இடத்துத் தூசியிலும் சிலிக்கா உண்டு. இப்படியான கனிமத் தூசி சிறுகுழாய்ச் சுவரிலேயே படிந்து தழும்பை உண்டாக்குவது தனி வகையாகவே கணக்கிடப்படுகிறது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பறக்கும் ஒழுங்கைத் தூசியால் இருமலும் இழுப்பும் கூடும், ஆனால் அது மேலே சொன்ன வகை எதிலும் சேராது. டொக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருடம், வேலையில்லாத நாட்களில் குறைகிறதா என்பதைச் சொல்லுங்கள். பழைய தொழிலையும் சேர்த்து. வெளிநாட்டில் செய்த வேலை பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. சவூதியிலோ கட்டாரிலோ மணலடித்துத் துருவெடுக்கும் வேலை பார்த்தது பத்து வருடத்துக்குப் பிறகு முக்கியமாகலாம்.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம். சாப்பிடும்போது புரைக்கேறுகிறது, அடிக்கடி நெஞ்சுச்சளி. இதுவும் அந்த வகையா?

ஆம், உணவும் உமிழ்நீரும் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி உண்டாகும் சிறுகுழாய் அழற்சி இருக்கிறது. பக்கவாதம், மறதி நோய், கடும் நெஞ்செரிவு உள்ளவர்களில் அதிகம். ஒவ்வொரு தடவையும் அன்டிபயோட்டிக் எடுப்பதை விட, விழுங்கும் முறையைப் பார்க்கும் சிகிச்சையாளரிடம் காட்டுவது பலன்தரும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், சாப்பிட்டவுடன் படுக்கவைக்காதீர்கள், பல்லையும் வாயையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். கஞ்சி போன்ற நீர்த்த உணவு எளிது என்று நினைப்போம். புரைக்கேறுபவருக்குச் சில வேளை கெட்டியானதே பாதுகாப்பு.

எனக்கு முட்டு என்று பத்து வருடம் பம்ப் தருகிறார்கள். கேட்கவே இல்லை. இதுவாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் முதலில் பம்ப் பிடிக்கும் முறை சரியா என்று ஒரு தாதியிடம் செய்துகாட்டுங்கள். கேட்காத பம்புகளில் நிறைய, சரியாக இழுக்கப்படாத பம்புகள்.

அது சரியென்றால், பம்புக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். ஆஸ்துமாவில் மருந்துக்குப் பின் ஒரு செக்கனில் வெளியே வரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடும் என்பது வழமையான அளவுகோல். தழும்புவகையில் அது அசையாது. ஆஸ்துமா நாளுக்கு நாள் ஏறி இறங்கும், தழும்புவகை இறங்கியபடியே இருக்கும், அல்லது ஒரே இடத்தில் நிற்கும்.

எந்தெந்தப் பரிசோதனை தேவை?

ஊதும் பரிசோதனை, சளி, மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் நெஞ்சு சீ.ரீ. ஸ்கேன், மூட்டுவாத இரத்தப் பரிசோதனைகள். சாதாரண எக்ஸ்ரே இந்த நோயில் சுத்தமாகவே வரலாம்.

ஸ்கேனில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். வழக்கமாக மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் எடுப்பார்கள். தழும்புவகையில் அந்தப் படம் கிட்டத்தட்ட நோமலாகத் தெரியும். மூச்சை முழுக்க வெளியே விட்டு இன்னொரு தரம் எடுத்தால், சுகமான பகுதி காற்றிழந்து சாம்பலாகும், அடைபட்ட பகுதி காற்றைப் பிடித்துவைத்துக் கறுப்பாகவே நிற்கும். இந்த இரண்டாவது படத்தை டொக்டர் துண்டில் தனியாக எழுதிக் கேட்டால்தான் எடுப்பார்கள். 'விடுமூச்சுப் படமும் தேவையா?' என்று நீங்களே கேட்கலாம். எடுக்கும்போது மூச்சை அரைகுறையாக விட்டால் படம் வீண்.

இவ்வளவுக்கும் பிறகு வகை தெரியாவிட்டால்தான் சத்திரசிகிச்சை மூலம் துண்டெடுப்பது. அதற்குக் கொழும்புப் பக்கம், பெரும்பாலும் வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ அனுப்பப்படலாம். நுரையீரல் மாற்றுச் செய்தவர்களில் துண்டெடுக்கும் தேவையே பெரும்பாலும் இல்லை: அவர்களுடைய சிறந்த அளவிலிருந்து ஊதும் அளவு 20 சதவீதம் குறைந்து அப்படியே நின்று, தொற்றுப் போன்ற வேறு காரணமும் இல்லையென்றால் போதும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

காசநோய், வைரஸ், மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றுகள் காரணமென்றால் தொற்றலாம். மற்ற வகை எதுவும் தொற்றாது. தட்டு, கோப்பை பிரித்துவைக்க வேண்டாம்.

தழும்புவகைக்கு வைத்தியமே இல்லையா?

விழுந்த தழும்பை எடுக்கும் மருந்து இல்லை. மேலும் விழாமல் பார்ப்பதுதான் குறி. காரணம் தெரிந்தால் அதை நிறுத்துவது, அசித்திரோமைசின், இழுக்கும் ஸ்டீரொயிட், மொண்டெலுகாஸ்ட் போன்றவற்றை ஆளுக்கேற்பக் கொடுப்பது, மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி, ஒட்சிசன் குறைந்தால் அதைக் கொடுப்பது. மிக முற்றியவர்களுக்கு நுரையீரல் மாற்று. பலருக்கு நோய் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, நின்ற அளவோடு வருடக்கணக்கில் வாழ்கிறார்கள்.

அசித்திரோமைசினைப் பாமசியில் வாங்கி நானே தொடங்கலாமா?

வேண்டாம். சளியில் காசநோயின் உறவுக்காரக் கிருமி ஒளிந்திருந்தால் தனி அசித்திரோமைசின் அதை மருந்துக்கு மசியாததாக்கிவிடும், பிறகு அந்த வைத்தியம் மிகக் கஷ்டம். இதயத் துடிப்பின் ஒழுங்கும் மாறலாம் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். காதுகேட்கும் திறனும் குறையலாம். எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பாகக் கொடுத்தபோது பழைய புற்றுநோய் திரும்பும் வீதம் கூடியதால் 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. டொக்டர் எழுதினால், எத்தனை மாதத்துக்கு என்றும் எப்போது நிறுத்திப் பார்ப்பது என்றும் கேட்டு, கொப்பியில் குறித்துவையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமுள்ள சீடியையும் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரேக்கள், ஊதிப் பார்த்த பழைய தாள்கள், குடிக்கும் எல்லா மருந்தும், பரிசாரியார் தந்த குளிசையும் சூரணமும் உட்பட. வீட்டில் புறாக்கூடு இருக்கிறதா, எந்தப் போகத்தில் இளைப்புக் கூடுகிறது, மெலிய என்று ஏதாவது குடித்தீர்களா என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் உள்ளே போனதும் மறக்காது.